கோட்டுச் சுண்ணாம்பு

விழுது. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அந்தா விழுந்திருச்சு. நாலு எண்ணறதுக்குள்ள ஒரு சொட்டு, அதுதான் கணக்கு, குழந்தைவேலு சார் சொல்லிட்டுப் போன கணக்கு. நாலைத் தாண்டிச்சுன்னா குழாயில காத்து அடைச்சிருக்குன்னு அர்த்தமுங்க, விரல்ல ஒரு சுண்டு சுண்டுங்க, மூணுக்குக் கீழ வந்துச்சுன்னா கிளிப்பை இறுக்குங்க, நூறு பிள்ளைங்களை ஒரே விசில்ல நிறுத்தறவங்க நீங்க, எட்டு பாட்டிலைப் பார்த்துக்க மாட்டீங்களான்னு சிரிச்சுக்கிட்டே வண்டியைக் கிளப்பிட்டாரு. தோட்டக்கலை ஆபீசருக்கு ஆயிரம் வேலை, யாரோ தோப்புல தென்னைக்கு நோவாம், மத்தியானப் பெல்லுக்குள்ள வந்துடறேன்னாரு. நூறு பிள்ளைங்களை நிறுத்தறது சுலபமுங்க சார், அதுங்க சம்பூர்ணம் டீச்சர்னா பயப்படும், இருபத்திரண்டு வருஷமா இந்தப் பொம்பளைப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல பி.டி. டீச்சர் நான், என் நிழலைக் கண்டாலே வரிசை நேராகும். இந்தப் பாட்டில் யாரைக் கண்டு பயப்படும்? மரத்தோட இடுப்பைச் சுத்திக் கயிறு கட்டி எட்டு பாட்டில் தொங்குது, ஆஸ்பத்திரியில மனுசனுக்கு ஏத்தற அதே பாட்டில், அதே குழாய், உள்ள மட்டும் வறக்காப்பி நிறத்துல இரும்பு மருந்து, அடிமரத்துல டிரில் போட்ட எட்டு ஓட்டை வழியா ஏறுது. மூணு பிள்ளைங்க கைகோத்தாலும் கட்டிப் பிடிக்க முடியாத தூங்குமூஞ்சி மரம், அது இன்னிக்கு நோயாளியா நிக்குது, நான் ஒரு இரும்பு நாற்காலியைப் போட்டுக்கிட்டுத் துணைக்கு வந்தவளா உக்காந்திருக்கேன். மடியில வருகைப் பதிவேடு. பதிவேட்டுக்குள்ள மடிச்சு வெச்ச ஒரு காகிதம். மண்ணுப் பரிசோதனைக் காகிதம், காலையில சார் என் கையிலதான் குடுத்தாரு, ஹெச்.எம். மேடம்கிட்டச் சேர்த்திருங்க டீச்சர்னு. சேர்க்கலை. பிரிச்சுப் படிச்சேன், படிச்சிருக்கக் கூடாது, படிச்சுட்டு நிமிர்றப்போ அவர் கேட்டாரு, ஏனுங்க டீச்சர், இந்த மரத்தடியில எப்பவாச்சும் கட்டட வேலை நடந்துச்சுங்களா, சிமெண்டு, சுண்ணாம்பு, அப்படி ஏதாச்சும் கொட்டுவாங்களான்னு. தெரியலைங்க சார்னு சொல்லிட்டேன். யோசிக்கவே இல்லை, வாய் தானாச் சொல்லிருச்சு, விசில் ஊதற வாய், தெரியலைங்க சார். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. விழுது.

முதமுதல்ல மஞ்சளானப்போ எல்லாரும் அழகுன்னுதான் சொன்னாங்க. மூணு வருஷத்துக்கு முன்னாடி, கோடை லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் திறந்தப்போ, புதுத் தளிரெல்லாம் எலுமிச்சம்பழ நிறத்துல நின்னுச்சு, டிராயிங் டீச்சர் பிள்ளைங்களைச் சுத்தி உக்கார வெச்சு வரையச் சொன்னாங்க. நானும் அண்ணாந்து பார்த்துட்டு அட, நல்லாத்தான் இருக்குன்னேன். கிட்டப் போய்ப் பார்த்தாத்தான் தெரியும், இலையில நரம்பு மட்டும் பச்சை, நரம்புக்கு நடுவெல்லாம் ரத்தமே இல்லாத மஞ்சள். அடுத்த வருஷம் மஞ்சள் வெளிறிப்போச்சு, ஓரம் கருகுச்சு, உச்சிக் கிளை இலையே விடலை. ஆளுக்கொரு வைத்தியம் சொன்னாங்க. வாட்ச்மேன் கண்ணேறுன்னு பூசணிக்காய் உடைச்சாரு. சயின்ஸ் டீச்சர் வயசாச்சுன்னாங்க. எங்க வீட்டுக்காரரைக் கேட்டா, உன் தொண்டையை இருபது வருஷம் கேட்டா எந்த மரத்துக்குத்தான் ரத்தம் சுண்டாதுன்னாரு, அந்த மனுசனுக்கு எப்பவும் நக்கல்தான். குழந்தைவேலு சார்தான் வந்து ஒரு இலையைக் கிள்ளி வெயில்ல பிடிச்சுப் பார்த்துட்டு, இரும்புச்சத்துக் குறைவுங்க டீச்சர்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. இந்த மண்ணுலயா சார்? வெள்ளை சாக்ஸ் போட்டு வர்ற பிள்ளை சாயங்காலம் செங்கல் நிறத்துல வீட்டுக்குப் போகுது, செம்மண்ணு செவப்பா இருக்கிறதே இரும்பாலதானுங்களேன்னேன். இரும்பு இருக்குதுங்க, மரத்தால எடுக்க முடியலை, குதிர் நெறைய நெல்லை வெச்சுப் பூட்டிட்டா வீட்டுல இருக்கறவங்க பட்டினிதானுங்களே, பூட்டுனது எதுன்னு மண்ணைப் பார்த்தாத்தான் தெரியும்னாரு. பூட்டுனது எது. அது இப்ப என் மடியில இருக்கு. இன்னொரு கூத்தைக் கேளுங்க, இன்னிக்கு வியாழக்கிழமை, வியாழக்கிழமைன்னா பிள்ளைங்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை குடுக்கிற நாள், அந்த வேலையும் என் தலையிலதான், ஒவ்வொருத்தியும் என் கண்ணு முன்னாடி நீல மாத்திரையை வாயில போட்டுத் தண்ணி குடிக்கணும். குடிப்பாளுங்க. நாக்குக்கு அடியில ஒளிச்சு வெச்சுக்கிட்டு நேரா வந்து இந்த மரத்தடியிலதான் துப்புவாளுங்க, டீச்சருக்குத் தெரியாதுன்னு நினைப்பு, தூறல் விழுந்தா மண்ணுல நீலநீலமாக் கரையும். அப்படிப் பார்த்தா ஜில்லாவுலயே அதிகமா இரும்பு தின்ன மரம் இதுதான். இதுக்குப் போய் ரத்தசோகை. சொன்னா சிரிப்பாங்க, நானும் சிரிக்கிறேன். நாலாவது பாட்டில் என்ன, மெதுவாகுதா? இல்லை. விழுது.

காத்து வருது. பாலக்காட்டுக் கணவாயில கிளம்பி வர்ற காத்து, இன்னும் ஆடியே பிறக்கலை, அதுக்குள்ள இந்த ஆட்டம், ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்பாங்க, அம்மி பறந்தாப் பறக்கட்டும், கிளை பறக்கக் கூடாது. சார் என்னடான்னா காத்து அடிச்சா நல்லதுங்க, இலை தண்ணியை இழுக்கும், மருந்து வேகமா ஏறும்னு சொல்லிட்டுப் போறாரு. அப்ப நான் எதைத்தான் வேண்டிக்கிறது? மருந்து ஏறணும்னா காத்து வேணும், கிளை நிக்கணும்னா காத்து வேண்டாம், மாரியாத்தாகிட்ட இப்படி ஒரு வேண்டுதலை யாரும் வெச்சிருக்க மாட்டாங்க, அவளே போடி வேலையத்தவளேன்னு சொல்லிருவா. மூணு வாரத்துக்கு முன்னாடி அடிச்சதும் இதே காத்துதான். கடைசிப் பீரியடு, ஒன்பதாவது சி பிள்ளைங்க இங்க கோகோ ஆடிக்கிட்டிருந்துச்சு. கோணிப்பையைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம், நான் அண்ணாந்து பார்க்கிறதுக்குள்ள கிளை கீழ, புழுதி, புழுதிக்குள்ள செவ்வந்திங்கற பிள்ளை. அவ மரத்தடியில நின்னுக்கிட்டிருந்தா. ஏன் நின்னா, அது கிடக்கட்டும், நின்னா. என் டீம்லயே ஓடறதுல அவளை விஞ்ச ஆளில்லை, அவ ஓட்டத்துல இருந்திருந்தா கிளை அவ நிழலைக்கூடத் தொட்டிருக்காது. இடது மணிக்கட்டு. ஆட்டோவுல என் மடியில படுக்க வெச்சுக்கிட்டுப் போறப்போ அவ அழவே இல்லை, மேட்ச்சு டீச்சர், மேட்ச்சு டீச்சர்னுதான் முனகுனா, நான்தான் அழுதேன், ஆட்டோக்காரர் கண்ணாடியில என்னையே பார்த்தாரு. மணிக்கட்டு, சரி. தலையா இருந்திருந்தா? சோறு பிசையறப்போ அந்த நினைப்பு வரும், கை அப்படியே நின்னுரும். மறுநாளே ஹெச்.எம். ஹேமாவதி மேடம் மரத்தை வெட்ட அனுமதி கேட்டு எழுதிட்டாங்க, அனுமதியும் வந்திருச்சு. அவங்களைத் தப்புச் சொல்ல முடியாது. மரம் முக்கியமா பிள்ளை முக்கியமா டீச்சர்னு கேட்டாங்க. இருந்தும் நான் சண்டை போட்டேன். மைதானத்துல வேற நிழலே கிடையாதுங்க மேடம், எண்ணூறு பிள்ளைங்க வெயிலுக்கு எங்க போகும், காஞ்ச கிளையைக் கழிச்சுரலாம், கயிறு கட்டி யாரும் வராம பார்த்துக்கலாம், வைத்தியம் பார்க்கலாம், இன்னொரு கிளை விழுந்தா நான் பொறுப்புன்னு எழுதிக் கையெழுத்தே போட்டுக் குடுத்தேன். யாரு கேட்டா என் கையெழுத்தை? வாய்க்கொழுப்பு. கடைசியில மேடம் ஒரு வழிக்கு வந்தாங்க. மண்ணுப் பரிசோதனை வரட்டும் டீச்சர், கார அளவு எட்டுக்கு மேல வந்துச்சுன்னா இது சுக்கான் பூமி, அடி வரைக்கும் சுண்ணாம்புக் கல்லு, எங்க சித்தப்பா தோட்டத்துல பார்த்திருக்கேன், என்ன வைத்தியம் பண்ணினாலும் மரம் தேறாது, சனிக்கிழமை வெட்டற ஆளை வரச் சொல்லிருவேன், எட்டுக்குக் கீழன்னா மரம் உங்களுக்குன்னாங்க. இதுதான் பேச்சு. நாளான்னிக்குச் சனிக்கிழமை. மத்தியானப் பெல் அடிச்சதும் மேடம் வருவாங்க, சார் வருவாரு, காகிதம் எங்க டீச்சர்னு கேட்பாங்க.

எட்டரை. முதல் வரி அதுதான். மேல் மண், அரையடி ஆழம், எட்டரை. மேடம் அதோட நிறுத்திருவாங்க, யாரா இருந்தாலும் நிறுத்திருவாங்க. என் கண்ணு மட்டும் கீழ இறங்கித் தொலைச்சிருச்சு. மூணடி ஆழம், ஏழேகால். சுக்கான் பூமின்னா தோண்டத் தோண்டக் கூடணுமுங்க டீச்சர், இது தலைகீழா இருக்குது, அப்படின்னா மேல இருந்து என்னமோ வந்து விழுந்திருக்குது, அது என்னன்னு தெரிஞ்சு நிறுத்திட்டா மேல் மண்ணை வழிச்சுப் போட்டுட்டுக் கந்தகம் கலந்து ரெண்டு வருஷத்துல தேத்திரலாம், என்னன்னே தெரியலைன்னா இந்த ஊசியெல்லாம் கண்துடைப்புங்க, மரம் பொழைக்கும்னு நான் எழுதிக் குடுக்க முடியாதுங்கன்னாரு சார். சொல்லிட்டுத்தான் கேட்டாரு, சுண்ணாம்பு ஏதாச்சும் கொட்டுவாங்களான்னு. கொட்டுவாங்களாவா! சார், மாசம் ஒரு மூட்டை. இருபத்திரண்டு வருஷம், வாரத்துக்கு மூணு தடவை, கோகோ கோர்ட்டுக்கு நடுக்கோடு, குறுக்குக் கோடு, உக்கார்ற கட்டம், சுத்துக் கோடு, எல்லாம் இந்த நிழல்லதான், இதே வேருக்கு மேலதான், எல்லாம் சுண்ணாம்புப் பொடி, என் கையால. கயிறு பிடிக்காமலே கோடு போடுவேன். வேற பள்ளிக்கூடத்து பி.டி. சார்மாருங்க மேட்ச்சுக்கு வந்தா முதல்ல கோட்டைத்தான் பார்ப்பாங்க, இது சம்பூர்ணம் டீச்சர் கோடுன்னு சொல்லுவாங்க, எனக்கு ரெண்டு நாளைக்குச் சோறு வேண்டாம். மிச்சமான பொடியை மூட்டையில திருப்பிப் போட்டா ஈரம் ஏறிக் கட்டி தட்டிரும், அதனால தட்டை மரத்தடியில கவுத்துத் தட்டிருவேன், வேருக்கு நல்லது கண்ணுங்களா, கரையான் அண்டாதுன்னு பிள்ளைங்களுக்குப் பாடம் வேற எடுத்திருக்கேன். ஆகஸ்ட்டு பதினஞ்சு, ஜனவரி இருபத்தாறு, ஆண்டு விழா, மேலதிகாரி வர்ற நாள், எல்லாத்துக்கும் மரத்துக்கு ஆளுயரம் வெள்ளையடிச்சுக் காவிப் பட்டை, வாளி கழுவின தண்ணி எங்க போச்சு? மரத்துக்கே. தண்ணி ஊத்தறேன்னு நினைச்சுக்கிட்டு ஊத்தினேன். மூணு வாரமா இங்க யாரும் ஆடலை, கோடு போடலை, ஒரு மழையும் பேஞ்சுது, ஆயாம்மா பெருக்கிட்டாங்க, அதனாலதான் சாருக்குத் தெரியலை. மரத்துல அடிச்ச வெள்ளை தெரியுமே? அது எந்தப் பள்ளிக்கூடத்துல இல்லை, எல்லாரும் பார்க்கிறது யாரு கண்ணுலயும் படாது. சுண்ணாம்பு ஏறுன மண்ணுல இரும்பு பூட்டிக்கும், பூட்டுனது நான். நான்தான் பூட்டிச் சாவியை வேருலயே போட்டேன். இந்த மரத்துக்காகச் சண்டை போட்டதும் நான்தான், எங்கப்பனுக்கு அடுத்தபடி நான் கையெடுத்துக் கும்பிட்டது இதைத்தான், மே மாச வெயில்ல இது இல்லைன்னா நான் என்னிக்கோ மயங்கி விழுந்திருப்பேன். சொல்லிட்டா என்ன? சொல்லிட்டா மரம் பொழைக்கும். சொல்லிட்டா மரத்தைக் கெடுத்தது நானுன்னு ஆகும், மரம் கெட்டதாலதான் கிளை காஞ்சுது, காஞ்சதாலதான் விழுந்துச்சு, விழுந்ததாலதான் அந்தக் கை. அங்கதான் போய் நிக்குது. எந்தப் பக்கம் சுத்தினாலும் அந்த மாவுக்கட்டுலதான் போய் நிக்குது. அடுத்த சித்திரையில ஓய்வு. அதுவரைக்கும் வாயை மூடிக்கிட்டிருந்தா மாலை போட்டு அனுப்பிருவாங்க. மரம் போகும், அவ்வளவுதானே, மரம்தானே. மரம்தானேன்னு சொன்னது யாரு, நானா? சீ.

அஞ்சாவது பாட்டில் நின்னுருச்சு. மூணு, நாலு, அஞ்சு, ஆறு, நின்னேபோச்சு. சுண்டறேன், அசையலை, இன்னொரு சுண்டு, ஆத்தா, ஒரு குமிழ் மேல ஏறுது, விழுந்திருச்சு, போன உசிரு வந்துச்சு. விரல் நுனியைப் பாரு, வெடிப்புல எல்லாம் வெள்ளை, எத்தனை தேங்காயெண்ணெய் தேச்சாலும் போகாத சுண்ணாம்பு வெடிப்பு, காகிதத்தை வாங்கறப்போ சார் இதைப் பார்த்திருப்பாரோ, பார்த்துட்டுத்தான் கேட்டிருப்பாரோ? பதிவேட்டு மேல ஒரு இலை விழுந்திருக்கு. மஞ்சள் இலை, ஓரம் கருகல். மருந்து கூடிப்போனா இலை கருகிக் கொட்டுமுங்கன்னு சொன்னாரே, கூடிப்போச்சா? இல்லை, காத்துக்கு விழுந்திருக்கும். ஒண்ணுதானே. இல்லை, அங்க ரெண்டு, நாற்காலிக்குக் கீழ மூணு, எண்ணாதடி சம்பூர்ணம், எண்ணினாப் பைத்தியம் பிடிக்கும். வெசனம் பிடிச்சவ கையில வேலை குடுத்தா இப்படித்தான். டீச்சர்னு ஒரு குரல். தூக்கிவாரிப் போட்டுச்சு. செவ்வந்தி, யாரும் வராம சுத்திக் கட்டின கயித்துக்கு அந்தப்பக்கம், கழுத்துல துணி போட்டு மாவுக்கட்டுக் கையைத் தொங்கவிட்டுக்கிட்டு. ஒன்பதாவது சி-க்கு இது விளையாட்டுப் பீரியடு, மத்தவங்க அந்தக் கோடி வெயில்ல த்ரோபால் ஆடறாளுங்க, இவளால முடியாது. உள்ள வராத, அங்கயே நில்லுன்னு கத்திட்டேன், என் குரல் எனக்கே நாராசமாக் கேட்டுச்சு. மரத்துக்கு ஊசியா டீச்சர்? ஆமா. வலிக்குமா? உனக்கு வலிச்சுதா? ஊசி வலிக்கலைங்க, எலும்பைச் சேர்க்கறேன்னு இழுத்தாங்க பாருங்க, அப்பத்தான் வலிச்சுது. கொஞ்ச நேரம் பாட்டிலையே பார்த்தா. அப்புறம் சொல்றா, எங்கப்பா மரத்தைத் திட்டக் கூடாதுன்னு சொன்னாருங்க டீச்சர், அது வேணும்னு போடலையாம், அதுக்கே ஒடம்பு சரியில்லையாம். என் கை தானா விசிலைத் தேடுச்சு. ஊதறதுக்கு விசில்தான் இருக்கு கழுத்துல. அவ ஏன் அன்னிக்கு இங்க நின்னா. கிடக்கட்டும் கிடக்கட்டும்னு காலையில இருந்து, இல்லை, மூணு வாரமாத் தள்ளிக்கிட்டே இருக்கேன், அது காலைச் சுத்தின நாய்க்குட்டியாத் திரும்பத் திரும்ப வருது. நடுக்கோட்டை மிதிச்சான்னு ஃபவுல் ஊதினேன். மிதிக்கலைங்க டீச்சர்னா. எதிர்த்துப் பேசறியா, போ, மரத்தடியில போய் நில்லுன்னேன். அடிக்கக் கூடாதுன்னு சட்டம் வந்த பொறவு அதுதான் என் தண்டனை, அதுல பெருமை வேற எனக்கு, மத்தவங்க வெயில்ல நிறுத்துவாங்க, சம்பூர்ணம் டீச்சர் நிழல்லதான் நிறுத்துவாங்கன்னு. போய் நின்னா. காத்து அடிச்சுது. விசாரிச்சப்போ பிள்ளை மரத்தடியில நின்னுக்கிட்டிருந்துச்சுன்னு சொன்னேன், யாரும் ஏன்னு கேட்கலை, நான் சொல்லலை. அவளும் சொல்லலை. அவங்க அப்பாகிட்டகூடச் சொல்லலை, சொல்லியிருந்தா அந்த மனுசன் மரத்தைத் திட்டாதேன்னு சொல்லியிருக்க மாட்டாரு, என்னைத் திட்டியிருப்பாரு. ஏன் சொல்லலை இந்தப் பிள்ளை?

பெல் அடிச்சிருச்சு. அதுக்குள்ளயா? பாட்டில்ல இன்னும் விரக்கடை மருந்து மிச்சம் இருக்கு. ஆபீஸ் படியில மேடம் இறங்கி வர்றாங்க, கேட்டுல சார் வண்டி, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல, ஒரு நிமிஷம் முன்னப் பின்ன வந்தா என்னவாம். எழுந்திரிக்கிறேன். சொல்லாட்டி என்ன, காகிதத்தைக் குடுப்பேன், எட்டரையைப் பார்ப்பாங்க, சனிக்கிழமை லாரி வரும், ஞாயித்துக்கிழமை இந்த இடத்துல வெயில் அடிக்கும். அவ்வளவுதான். திங்கட்கிழமை நான் அந்த வெயில்ல கோடு போடுவேன். இன்னும் நேராப் போடுவேன்.

"ரிப்போர்ட் எங்க டீச்சர்?"

குடுத்தேன். மேடம் கண்ணாடியை ஏத்திவிட்டுப் படிச்சாங்க. "எட்டரை," அப்படின்னாங்க. ஒரு பெருமூச்சு விட்டாங்க, சந்தோஷமில்லை, பாவமாத்தான் சொன்னாங்க. "நான்தான் சொன்னேனே டீச்சர். சுக்கான் பூமி. நீங்களும் எவ்வளவோ பாடுபட்டீங்க."

"கீழ் வரியையும் படிங்க மேடம்."

"என்ன கீழ் வரி?"

"மூணடியில ஏழேகால்தான். சுக்கான் பூமி இல்லீங்க இது. மேல இருந்து விழுந்த சுண்ணாம்பு. நான் போட்டதுங்க." நிறுத்தினா திரும்ப ஆரம்பிக்க முடியாதுன்னு மளமளன்னு சொன்னேன், கோட்டுப் பொடி, மாசம் ஒரு மூட்டை, தட்டைக் கவுத்தது, வாளி கழுவினது, எல்லாம். "காலையில சார் கேட்டப்போ தெரியலைன்னு சொன்னது பொய்ங்க."

குழந்தைவேலு சார் குனிஞ்சு ஒரு கை மண்ணை அள்ளினாரு, விரல்ல தேச்சாரு. "அப்படீன்னா தேத்திரலாமுங்க மேடம்," அப்படின்னாரு மெதுவா. "நான் எழுதிக் குடுக்கறேன். ஆனா இனி இங்க ஒரு கைப்பிடி சுண்ணாம்பு விழக் கூடாது."

மேடம் அவரைப் பார்க்கலை. என்னையும் பார்க்கலை. கயித்துக்கு அந்தப்பக்கம் நிக்கிற மாவுக்கட்டைப் பார்த்தாங்க. நான் பயந்தது அந்தப் பார்வைக்குத்தான்.

"அப்ப இந்தப் பிள்ளை கை..."

"ஆமாங்க மேடம். அன்னிக்கு அவளை அங்க நிறுத்தினதும் நான்தான். கோட்டை மிதிச்சான்னு."

த்ரோபால் முடிஞ்ச பிள்ளைங்க டிபன் டப்பாவோட ஓடற சத்தம் கேட்டுச்சு.

"ரெண்டையும் எழுதிக் குடுங்க டீச்சர்," அப்படின்னாங்க மேடம். "சனிக்கிழமை ஆளை வரவேண்டாம்னு சொல்லிடறேன். உங்க விஷயம் என் கையில இல்லை. நான் மேல அனுப்பித்தான் ஆகணும்."

"அனுப்புங்க மேடம்."

மேடம் போனாங்க. சார் பாட்டிலை ஒவ்வொண்ணாக் கழட்ட ஆரம்பிச்சாரு. நான் கயித்துக்கு அந்தப்பக்கம் போனேன். அவ முன்னாடி போய் நின்னா என் உயரம் எனக்குத் தொந்தரவா இருந்துச்சு, குத்துக்காலிட்டு உக்காந்தேன், கோகோவுல பிள்ளைங்க உக்கார்ற மாதிரி. மன்னிச்சுரு கண்ணுன்னு சொல்ல வாயெடுத்தேன், வரலை, இந்த வாய்க்கு அது பழக்கமில்லை. அவதான் முதல்ல பேசினா.

"டீச்சர், நான் அன்னிக்கு மிதிக்கலைங்க."

"ம்."

"நிசமாத்தாங்க டீச்சர். நான் என் இடத்துலதான் இருந்தேன். காத்துல பொடி பறந்து கோடுதான் என் கால்கிட்ட வந்துச்சு."

சம்பூர்ணம் டீச்சர் கோடு நகர்ந்துச்சுன்னு இருபத்திரண்டு வருஷத்துல ஒரு பிள்ளை சொன்னதில்லை. சொல்லியிருந்தா விட்டிருப்பேனா? அன்னிக்கு அடிச்ச காத்துல பொடி பறக்காம என்ன செய்யும். பறந்ததை நானும் பார்த்தேன், என் சேலையெல்லாம் வெள்ளை. பார்த்துக்கிட்டேதான் ஊதினேன்.

"ஆமா சாமி," அப்படின்னேன். "கோடுதான் வந்துச்சு. நீ மிதிக்கலை."

"அப்ப அது ஃபவுல் இல்லைதானுங்களே டீச்சர்?"

"ஃபவுல் இல்லை. நான் ஊதினதுதான் தப்பு. மன்னிச்சுரு."

ஆட்டோவுல எலும்பு ஒடிஞ்சு கிடந்தப்போகூட அழாத பிள்ளை, ஃபவுல் இல்லைன்னு நான் சொன்னதும் ஓன்னு அழ ஆரம்பிச்சுட்டா.